காத்திருக்கலாமா, மாற்றலாமா? ஒரு கேமரா சொல்லும் வியாபாரப் பாடம்



பலசரக்குக் கடைக்காரருக்குக் கேமராவைப் பற்றி எதற்குப் பாடம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இன்று நம் எல்லோர் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் மெஷின், பாக்கெட் ஒட்டும் மெஷின், குளிர்பெட்டி என்று ஏதாவது ஒரு சாதனம் ஓடிக்கொண்டிருக்கிறது. சில வருடம் போனதும், "இதைத் தள்ளிவிட்டுப் புது மாடல் எடுங்கள்" என்று ஏஜெண்ட் வந்து நிற்பார். சரி என்று முன்பணம் கொடுத்தால், "அடுத்த மாதம் வந்துவிடும்" என்பார். அடுத்த மாதம் வராது. அப்போது காத்திருப்பதா, இருப்பதை வைத்து ஓட்டுவதா, வேறு வாங்குவதா என்ற கேள்வி எழும். இந்தக் கேள்விக்கு நாம் கேள்விப்பட்டவற்றில் நல்ல விடை சொல்லும் கதை ஒரு கேமராவின் கதைதான்.

கேமராவின் கதை

எங்கள் கடைவீதியில் முப்பது வருடமாக ஸ்டூடியோ நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கல்யாணமும் எடுப்பார், விளையாட்டுப் போட்டிகளுக்கும் போவார். அவரிடம் இருந்தது 2014-இல் வெளிவந்த நிக்கான் டி4எஸ் என்ற தொழில்முறைக் கேமரா. 16 மெகாபிக்சல், நொடிக்கு 11 படம் எடுக்கும்.

2019 செப்டம்பர் 4-ஆம் தேதி, டி6 என்ற புதிய கேமராவைத் தயாரித்து வருவதாக நிக்கான் கம்பெனி அறிவித்தது. விலையும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 12-ஆம் தேதிதான் முழு விவரம் வந்தது. 20.8 மெகாபிக்சல், நொடிக்கு 14 படம், விலை 6,499.95 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதப்படி வரி சேர்க்காமலே நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த வருடம் ஜூலையில் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடக்க இருந்தது. ஒலிம்பிக் வருடத்தில் மேல்தரக் கேமராவை இறக்குவது இந்தக் கம்பெனிகளின் வழக்கம். நமக்குத் தீபாவளி எப்படியோ, அவர்களுக்கு ஒலிம்பிக் அப்படி.

நண்பர் பாங்கில் கடன் கேட்டு, பழைய கேமராவை விற்க ஆளும் பார்த்துவிட்டார். சரக்குத்தான் வரவில்லை. ஜப்பானில் மார்ச்சில் கிடைக்கும் என்றார்கள். பிறகு மே என்றார்கள். கடைசியில் ஜூன் 5-ஆம் தேதிதான் விற்பனைக்கு வந்தது. கொரோனாத் தொற்றினால் வெளியிலிருந்து வரவேண்டிய பாகங்கள் வந்து சேரவில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம்.

இதற்குள் உலகமே மாறிவிட்டது. 2020 மார்ச் 24-ஆம் தேதி ஒலிம்பிக் ஒத்திவைக்கப்பட்டது. அதே நாள் இரவு நம் நாட்டில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மண்டபங்கள் மூடின, கல்யாணங்கள் வீட்டு வாசலோடு முடிந்தன. கேமரா சொன்னபடி மார்ச்சில் வந்திருந்தால், நண்பர் பழையதை விற்று, கடனில் புதியதை வாங்கி, பூட்டிய ஸ்டூடியோவுக்குள் வைத்துக்கொண்டு தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

கதை இதோடு முடியவில்லை. 2021 அக்டோபர் 28-ஆம் தேதி, டி6 கடைக்கு வந்து 17 மாதம் ஆவதற்குள், அதே கம்பெனி இசட்9 என்ற கேமராவை அறிவித்தது. உள்ளே கண்ணாடி கிடையாது. இயந்திர ஷட்டரும் கிடையாது. 45.7 மெகாபிக்சல், நொடிக்கு 20 படம், விலை 5,499.95 டாலர். அதாவது டி6-ஐவிட 1,000 டாலர் குறைவு! டி6 வாங்கியவருக்குக் கேமரா கெட்டுப்போகவில்லை. அது இன்றும் நல்ல கேமராதான். ஆனால் கைமாற்று விலை என்று ஒன்று உண்டல்லவா? அது இறங்கத்தான் செய்யும்.

சரக்கு ஏன் தாமதமாகிறது?

விற்பவரெல்லாம் பொய் சொல்கிறார் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. மேல்தரக் கேமரா கொஞ்சமாகச் செய்யப்படும் சரக்கு. அதில் ஒரு பாகம் வராவிட்டாலும் முழுக் கேமராவும் நின்றுவிடும். 2011 மார்ச் 11 பூகம்பத்தில், நிக்கானின் மேல்தரக் கேமராக்கள் செய்யப்பட்ட செண்டாய் தொழிற்சாலை நின்றது. அதே வருடம் அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் அவர்களுடைய அயுத்தயா தொழிற்சாலை மூழ்கியது. 2016 ஏப்ரலில் குமமோட்டோ பூகம்பத்தில் சோனி கம்பெனியின் சென்சார் தொழிற்சாலை நின்றபோது, சோனியிடம் சென்சார் வாங்கும் மற்றக் கம்பெனிகளும் கையைப் பிசைந்தன.

இது நமக்குப் புதிதல்ல. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் எண்ணெய் மண்டிகள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? மே 23-ஆம் தேதி தடை நீங்கியது. அந்த இடைவெளியில் பயந்துகொண்டு உச்ச விலையில் அடுக்கியவர்கள் எத்தனை பேர்! ஆகவே தூரத்திலிருந்து வரும் சரக்குக்குச் சொல்லப்படும் தேதியை உறுதிமொழியாகக் கொள்ளாமல் ஒரு மதிப்பீடாகவே கொள்ளவேண்டும்.

காத்திருப்பவருக்கு நேரும் மூன்று முடிவுகள்

ஒன்று, தாமதமானாலும் சரக்கு வந்து பயன் தரும். கேனான் கம்பெனி 2011 அக்டோபர் 18-ஆம் தேதி ஈஓஎஸ் 1டி எக்ஸ் என்ற கேமராவை அறிவித்து, 2012 மார்ச்சில் தருவதாகச் சொன்னது. வந்தது ஜூனில். ஆனாலும் ஜூலை 27-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் தொடங்குவதற்குள் கைக்குக் கிடைத்துவிட்டது. காத்திருந்தவர்களுக்கு நஷ்டமில்லை.

இரண்டு, சரக்கு வரும். அதற்குள் காலம் மாறியிருக்கும். டி6 கதை அதுதான்.

மூன்று, சரக்கு வரவே வராது. நிக்கான் கம்பெனி 2016 பிப்ரவரியில் டிஎல் என்ற பெயரில் மூன்று சிறிய, தரமான கேமராக்களை அறிவித்தது. ஜூன் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி, விற்பனைக்கே வராது என்று கைவிட்டுவிட்டார்கள். ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அறிவிப்பு மட்டுமே.

முன்பணம் கொடுக்கும் நாளில் இந்த மூன்றில் எது நமக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்றுக்கும் தாங்கும்படி நாம் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.

எங்களுக்கு நேர்ந்தது

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்தில், தானாகப் பாக்கெட் போடும் மெஷினுக்கு 60 ஆயிரம் முன்பணம் கொடுத்தோம். 45 நாளில் தருவதாகப் பேச்சு. தீபாவளிக்குக் கடலைமாவு, சர்க்கரை, ரவை எல்லாம் பாக்கெட்டாகவே போடலாம் என்று ஆசை. கடையிலிருந்த பழைய மெஷினில் சூடேறும் கம்பி தேய்ந்திருந்தது. மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். "புதுசு வரப்போகிறது, இதற்கு ஏன் தண்டச் செலவு" என்று சொல்லிவிட்டோம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பழைய மெஷின் நின்றது. புதியது வரவில்லை. மெழுகுவத்தி ஏற்றிவைத்து இரவு முழுவதும் கையால் ஒட்டினோம். அப்படியும் பாதி ஆர்டர்தான் கொடுக்க முடிந்தது. மீதி ஆர்டர்காரர்கள் பக்கத்துத் தெருவில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் இருவர் திரும்பி வரவே இல்லை. ஒருவர் எங்கள் தகப்பனார் காலத்து வாடிக்கை.

புது மெஷின் பொங்கல் கழிந்து வந்தது. அந்தப் பணத்துக்கு மாதம் ஒன்றரை வட்டி வீதம் ஐந்து மாதத்துக்கு 4,500 ரூபாய் நஷ்டம் என்று பேரேட்டில் எழுதினோம். போன வாடிக்கையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போன கதை எங்களுடையதுதான்.

தாமதம் செய்தது விற்றவர். ஆனால் 1,800 ரூபாயை மிச்சம் பிடித்தது நாங்கள்தானே! இதை ஒப்புக்கொள்ள எங்களுக்குச் சில நாள் பிடித்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாதனம் வந்தால் வாங்கலாமா என்பதற்கு ஆசையைக் கேட்கக்கூடாது, கணக்கைக் கேட்கவேண்டும். நண்பரும் நாமும் ஊரடங்குக் காலத்தில் திண்ணையில் இருந்து போட்ட கணக்கு இது.

கேமரா விலை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 12 சதவிகித வட்டி என்றால் முதல் வருடத்தில் மாதம் 5,000 ரூபாய். ஐந்து வருடம் கழித்து 1 லட்சத்துக்கு விற்கலாம் என்றால் தேய்மானம் 4 லட்சம். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 6,667. ஆக மாதம் 11,667 ரூபாய். மாதத்துக்கு நான்கு கல்யாணம் கிடைத்தால், ஒரு கல்யாணத்துக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய் கூடுதலாக வரவேண்டும்.

நொடிக்கு 11 படம் எடுத்த இடத்தில் 14 படம் எடுப்பதற்காகக் கல்யாண வீட்டார் 2,900 ரூபாய் கூடத் தருவார்களா? "தாலி கட்டுவதைப் பார்த்தீர்களா, எடுத்தீர்களா என்றுதான் கேட்பார்கள், எத்தனை படம் என்று கேட்க மாட்டார்கள்" என்று நண்பரே சிரித்துவிட்டார். ஓட்டப்பந்தயம் எடுத்துப் பத்திரிகைக்கு விற்பவருக்கு அந்த மூன்று படத்தில் ஒன்று சோறு போடலாம். கல்யாணத்துக்கு அது தேவையில்லை.

அடுத்து, பக்கச் செலவு. டி4எஸ் கேமராவில் ஒரு பக்கம் சிஎஃப் கார்டு, ஒரு பக்கம் எக்ஸ்க்யூடி கார்டு போடலாம். டி6-இல் சிஎஃப் கார்டு போட வழியில்லை. ஆகவே அந்தக் கார்டுகள் வீண். இசட்9-க்குப் போனால் லென்ஸ் பொருத்தும் வாயே வேறு. 1959 முதல் வந்த பழைய வகை லென்ஸை மாட்ட இடையில் ஒரு இணைப்பு வேண்டும். நம் பில் மெஷினும் இப்படித்தான். மெஷினை மாற்றினால் பேப்பர் ரோல், சாப்ட்வேர், பையனுக்குப் பயிற்சி எல்லாம் மாறும். தராசை மாற்றினால் எடை அளவுத் துறையின் முத்திரையும் புதிதாக வேண்டும்.

கடைசியாக, பழையதில் மிச்சம் எவ்வளவு? டி4எஸ் ஷட்டர் 4 லட்சம் தடவை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்று கம்பெனி சொல்கிறது. நண்பரின் கேமராவில் அதுவரை ஓடியது 2 லட்சத்து 60 ஆயிரம். குடோனில் இருப்பு இருக்கும்போது ஏன் புதுக் கொள்முதல்? அவர் சர்வீஸ் செய்து அதையே வைத்துக்கொண்டார். ஊரடங்கு முடிந்து முகூர்த்தங்கள் திரும்பியபோது, கடன் பாக்கி இல்லாமல் முதல் கல்யாணத்துக்குப் போனார். "இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அண்ணாச்சி, தாமதம் செய்த உபகாரம்" என்று இன்றும் சொல்வார். அடுத்த முறை உபகாரத்தை நம்பாமல் கணக்கை நம்புவதாகவும் சொல்கிறார்.

விற்பவருக்கும் ஒரு சொல்

நாம் வாங்குபவர் மட்டுமல்ல, விற்பவரும்கூட. வராத சரக்குக்கு நாள் குறித்துச் சொல்லாதீர்கள். "லாரி கிளம்பிவிட்டது" என்று மூன்று நாள் சொன்னால் நான்காம் நாள் உண்மையையும் நம்பமாட்டார்கள். புதியது வரப்போகிறது என்று தெரிந்தால், பழைய இருப்பை முதலில் கழியுங்கள். அறிவிப்பு வெளியான மறுநாளே பழைய சரக்கின் விலையை வாடிக்கையாளர் குறைத்துக் கேட்பார். வாங்கிய முன்பணத்தைக் கேட்டவுடன் திருப்பிக் கொடுங்கள். சரக்கு இல்லாத நாளில் அதுவே நம் கடையின் பெயர்.

நினைவில் கொள்ளவேண்டியவை

1. புதியது கடைக்குள் வந்து ஒரு வாரம் ஓடும் வரை பழையதை விற்காதீர்கள். அதன் பராமரிப்பையும் நிறுத்தாதீர்கள்.

2. முன்பண ரசீதில் தேதி எழுதச் சொல்லுங்கள். தேதி தவறினால் பணம் திரும்ப வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள்.

3. சீசனை நம்பிச் சாதனம் வாங்குவதானால், சீசனுக்கு மூன்று மாதம் முன்பே கைக்கு வரவேண்டும். வராவிட்டால் அந்தச் சீசனைப் பழையதை வைத்தே நடத்தத் தயாராகுங்கள்.

4. வட்டி, தேய்மானம், பக்கச் செலவு மூன்றையும் கூட்டி மாதக் கணக்கு எழுதுங்கள். அந்தத் தொகையை வாடிக்கையாளர் தருவாரா என்று பாருங்கள்.

5. எத்தனை நாள் காத்திருப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அந்த நாள் கடந்தால் வேறு வழி பாருங்கள். "இவ்வளவு நாள் பொறுத்தோமே" என்பது மேலும் பொறுப்பதற்குக் காரணம் ஆகாது.

இந்த வாரம் கடையை அடைத்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் பழைய மெஷினைத் திறந்து பாருங்கள். 1,800 ரூபாய் வேலை ஏதாவது பாக்கி இருந்தால், வருகிற பண்டிகைக்கு முன் அதை முடித்துவிடுங்கள். புதியது வரும்போது வரட்டும்.