பூட்டைப் படித்தல்

கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனுள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டை உரிய உயரத்திற்கு உயர்த்தும். தகடுகளின் பிளவுகள் அனைத்தும் நேர்கோட்டில் அமைந்தால் மட்டுமே தாழ் நகரும்.

சாவியின்றித் திறக்கும் பயிற்சி என்பது, கண்ணுக்குத் தெரியாத இவ்வமைப்பை விரல்நுனியால் படிப்பதாகும். கற்பவர் ஒரே தகடுள்ள பூட்டில் தொடங்குகிறார். தாழை மெல்ல அழுத்தியவாறு, கம்பியால் தகட்டை உயர்த்துகிறார். தகடு உரிய இடத்தை அடைந்ததும் சிறு அசைவொன்று கைக்குப் புலனாகும். அவ்வசைவை உணரப் பழகியபின் இரண்டு, நான்கு, ஆறு எனத் தகடுகளைக் கூட்டிக்கொள்கிறார். பொறுமையிழந்து வலிந்து அழுத்தினால் தகடுகள் இறுகிவிடும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

1851இல் இலண்டனில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றபோது, அமெரிக்கரான ஆல்பிரட் ஹாப்ஸ் புகழ்பெற்ற சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 51 மணி நேரம் தேவைப்பட்டது. பூட்டுகளின் குறை வெளிப்பட்டதால் அவற்றைத் திருத்தும் முயற்சிகள் பெருகின. மறைத்துவைத்த குறை கள்வனுக்கே துணையாகும்.

எனினும், தமக்கு உரிமையான பூட்டில் மட்டுமே பழகுவது இக்கலையின் முதல் விதி. பிறர் கதவின்முன் கையை அடக்கிக்கொள்ளும் மனமே இக்கலைக்கு உண்மையான பூட்டு.