படத்தின் அரும்பதவுரை

தமிழாசிரியனுக்குத் தேசப்படத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. செய்யுளுக்கு அரும்பதவுரை எத்தகையதோ, படத்துக்கு அதன் ஓரத்திலுள்ள குறிவிளக்கமும் அத்தகையதே. அதனை விடுத்துப் படத்தை நோக்குவோர் தம் ஊகத்தையே படிப்பவராவர்.

நமது கல்முனைக் கரையை எடுத்துக்கொள்வோம். நில அளவைத் திணைக்களத்தார் முன்னர் வெளியிட்ட ஓரங்குலப் படத்திலே ஓரங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். நீலம் நீரைக் காட்டும். கபிலநிறக் கோடு சமவுயரக் கோடாகும். மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது வரை ஊர்களின்மேல் அக்கோடு ஒன்றேனும் செல்லவில்லை. கோடில்லையெனின் மேடுபள்ளமும் இல்லை என மாணவர் விடையெழுதுவர். யானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். குறிவிளக்கமோ கோடுகளின் இடைவெளி 100 அடி என்கிறது. எனவே, அலை தொடும் மணலும் 90 அடி மேடும் அப்படத்தில் ஒருங்கே கோடின்றிக் கிடக்கும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் இவ்வூர்களுட் புகுந்தபோது, கரையிலிருந்த தூரத்தோடு சில அடி உயரமுமே உயிருக்கு எல்லையாயின. அவ்வுயரத்தைக் காட்டுவது அப்படத்தின் நோக்கமன்று; அதனைக் குறிவிளக்கம் முன்னரே சொல்லியிருந்தது. பின்வந்த 1:50,000 படத்தில் இடைவெளி 20 மீற்றர். அதுவும் ஏறக்குறைய 66 அடி. நம் கரையூர்கள் அதற்கும் கீழேயே கிடக்கின்றன.