குளிர்காலக் கடலும் இறகுத் தூண்டிலும்

தூண்டில் போடுவது என்றவுடன் மண்புழுவோ இறாலோ கோத்த கொக்கியும் ஈயக்குண்டுமே நம் நினைவுக்கு வரும். உண்மையான இரையே இல்லாமல் மீன் பிடிக்கும் முறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் ‘ஃபிளை’ எனப்படும் இறகுத் தூண்டில் முறை.

இம்முறையில் கோழி இறகு, மான் வால் முடி, மினுமினுக்கும் இழை ஆகியவற்றைக் கொக்கியில் வைத்துக் கட்டுவர். அது பார்ப்பதற்குச் சிறு மீனைப் போலவோ இறாலைப் போலவோ இருக்கும். இந்தப் பொய் இரை மிகவும் இலேசானது என்பதால், அதைத் தனியே வீசினால் தொலைவு செல்லாது. ஆகவே, தூண்டில் கயிற்றையே தடிமனாகவும் எடையுடனும் செய்கின்றனர். கோலை முன்னும் பின்னும் வீசும்போது கயிறு காற்றில் நீண்டு விரிகிறது. அதன் எடையே இரையைத் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது.

அமெரிக்காவின் தென்புளோரிடா கடற்கரை இம்முறைக்குப் பெயர் பெற்றது. வட மாநிலங்களில் ஏரிகள் உறைந்து கிடக்கும் ஜனவரி மாதத்திலும் அங்குள்ள கடல்நீர் பெரும்பாலும் இதமாகவே இருக்கும். அங்குச் சதுப்புநிலக் காடுகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் ‘ஸ்னூக்’ மீன் வாழ்கிறது. நம் சந்தையில் சியாக்காப் என விற்கப்படும் கொடுவா மீனை அது ஒத்திருக்கும். அதன் உடலின் இரு பக்கங்களிலும் நீண்ட கறுப்புக் கோடு உண்டு.

ஸ்னூக் வெப்பத்தை விரும்பும் மீன். வடக்கிலிருந்து குளிர்காற்று வீசினால், ஆழமற்ற நீர் விரைவில் குளிர்ந்துவிடும். அப்போது மீன்கள் ஆறுகளையும் ஆழமான கால்வாய்களையும் நாடிச் செல்லும். சோர்ந்துபோய் இரையைத் துரத்தாமல் கிடக்கும். இதனால், அனுபவமுள்ள தூண்டில்காரர் குளிர்காலத்தில் விடியற்காலையிலேயே புறப்பட அவசரப்படமாட்டார். கருஞ்சேற்றில் வெயில் பட்டு நீர் வெதுவெதுப்பாகும் பிற்பகலுக்காகக் காத்திருப்பார். நீரின் வெப்பநிலையை வெப்பமானியால் அளந்து பார்ப்பார். இரையை மிக மெதுவாக இழுப்பார்.

2010ஆம் ஆண்டு ஜனவரியில் புளோரிடாவில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கடுங்குளிர் நீடித்தது. பல இடங்களில் நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியது. எண்ணற்ற ஸ்னூக் மீன்கள் மடிந்து மிதந்தன. உயிர் தப்பியவையும் கையால் அள்ளிவிடும் அளவுக்குச் சோர்ந்திருந்தன. அவற்றையும் பிடித்துவிட்டால் அடுத்த தலைமுறை மீன்கள் எங்கிருந்து வரும்? எனவே, ஸ்னூக் மீன்களைப் பிடித்து எடுத்துச் செல்ல மாநில அரசு உடனே தடை விதித்தது. கிழக்குக் கரையில் அத்தடை அதே ஆண்டு செப்டம்பரில் நீங்கியது. மேற்குக் கரையிலோ 2013 ஆகஸ்டு இறுதிவரை நீடித்தது.

அக்காலத்தில் தூண்டில் போட்டவர்கள் பிடித்த மீனை நீரிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. மீனை விடுவதற்கும் பழக்கம் வேண்டும். கொக்கியின் முள்ளை முன்னரே நசுக்கி வைக்க வேண்டும். ஈரக் கையால் மட்டுமே மீனைத் தொட வேண்டும். அது தானாக நீந்தும் வரை நீருக்குள் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

தூண்டில்காரரின் வெப்பமானி மீன் இருக்கும் இடத்தைக் காட்ட உதவுகிறது. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டிய நாளையும் அதுவே காட்டுகிறது.