கூட்டாக எடுத்த ஜாக்பாட் டிக்கெட்: ஜெயித்த பணத்தில் பங்கு கேட்க முடியுமா?

கேள்வி: நாங்கள் நால்வரும் கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் பல வருடமாகக் குடியிருக்கும் தமிழர்கள். குளிர்கால சீசன் தொடங்கிவிட்டால் ரேஸ்கோர்ஸ் போவது வழக்கம். கடந்த ஜனவரியில் ஒரு மீட்டிங்குக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டு, ஜாக்பாட் டிக்கெட் எடுக்கச் சொல்லி எங்களில் ஒருவரிடம் கொடுத்தோம். எந்த ரேஸுக்கு எந்தக் குதிரை என்பதை முந்தின இரவே வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தோம். ஐந்து ரேஸும் விழுந்தது. டிவிடெண்ட் 2,16,000 ரூபாய். வரி போக வந்த பணத்தை வாங்கிக்கொண்ட நண்பர் இப்போது பங்கு தர மறுக்கிறார். "ஜெயித்தது நான் சொந்தக் காசில் எடுத்த இன்னொரு டிக்கெட். நாலாவது ரேஸில் ஏழாம் நம்பரைச் சேர்த்தது நான்தான்" என்கிறார். "சூதாட்டக் காசுக்கு எந்தக் கோர்ட்டிலும் கேஸ் நிற்காது" என்றும் சவால் விடுகிறார். உண்மையா? இன்னொன்று: அடுத்த மீட்டிங்குகளுக்கு 'ஸ்டேபிள் நியூஸ்' டிப்ஸ் தருவதாக டெலிகிராமில் ஒரு குழு அழைக்கிறது. யுபிஐயில் பணம் அனுப்பினால் பந்தயத்தையும் அவர்களே கட்டிவிடுவார்களாம், ஜிஎஸ்டி கிடையாதாம். சேரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொல்கத்தா

பதில்: உங்கள் நண்பர் சட்டத்தில் பாதியைத் தெரிந்து வைத்திருக்கிறார். அந்தப் பாதி, 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லும் பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்று அது சொல்கிறது. குதிரைப் பந்தயத்துக்கென்று ஒரு விதிவிலக்கும் அதில் உண்டு. ஆனால் அது ஜெயித்த குதிரைக்குக் கொடுக்க 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசு திரட்டுகிறவர்களுக்கானது. கேலரியில் நின்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அல்ல. ஆகவே அந்த விதிவிலக்கை வைத்து நீங்கள் தப்ப முடியாது. தப்பவும் வேண்டியதில்லை, ஏனென்றால் நீங்கள் நால்வரும் ஒருவருக்கு எதிராக ஒருவர் பந்தயம் கட்டவில்லை. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்க வேண்டும், அதுதான் பந்தயம். உங்களுக்குள் இருந்தது காசைச் சேர்த்து டிக்கெட் எடுப்போம், வந்தால் பிரித்துக்கொள்வோம் என்ற ஏற்பாடு. ஜெயித்தால் நால்வரும் ஜெயிக்கிறீர்கள், தோற்றால் நால்வரும் தோற்கிறீர்கள்.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, அதுவும் உங்கள் மாநிலத்திலிருந்து போன வழக்கு. கெருலால் பாரக் எதிர் மகாதேவதாஸ் மையா, 1959. இருவர் கூட்டுச் சேர்ந்து ஹாப்பூரில் உள்ள இரண்டு கம்பெனிகளோடு பந்தய பேரம் நடத்தினார்கள். லாபமும் நஷ்டமும் சரிபாதி என்பது பேச்சு. நஷ்டம் வந்தது. ஒருவர் முழுவதையும் கட்டிவிட்டு மற்றவரிடம் பாதியைக் கேட்டார். அவர் சொன்ன பதில், உங்கள் நண்பர் சொல்லும் அதே பதில். வழக்கு டார்ஜிலிங்கில் தொடங்கி, கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக டெல்லிக்குப் போனது. பந்தய ஒப்பந்தம் செல்லாதது, ஆனால் சட்டவிரோதமானது அல்ல. ஆகவே அதைச் சுற்றி இருவர் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் செல்லும் என்று நீதிபதி சுப்பா ராவ் எழுதினார். செல்லாதது வேறு, சட்டவிரோதம் வேறு. உங்கள் வழக்கு முழுக்க இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே டிக்கெட்டை நீங்கள் மும்பை மகாலட்சுமியிலோ புனேயிலோ எடுத்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். பழைய பம்பாய் மாகாணத்தில் 1865-ம் ஆண்டிலிருந்து ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. அது பந்தயத்தைச் சுற்றியுள்ள துணை ஒப்பந்தங்களையும் செல்லாததாக்குகிறது. வங்காளத்தில் அப்படி ஒன்று இல்லை. ரேஸ்கோர்ஸ் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது குதிரையின் ஃபார்மை விட முக்கியமாகிவிடுவதுண்டு.

ஆனால் கெருலால் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்க ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் கட்டிய பந்தயமே குற்றமாக இருக்கக் கூடாது. மேற்கு வங்கத்தில் இதற்கான சட்டம் 1957-ம் ஆண்டு சூதாட்டம் மற்றும் பரிசுப் போட்டிகள் சட்டம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாமல் இருக்க மூன்று விஷயம் சேர்ந்து அமைய வேண்டும் என்கிறது அது. ரேஸ் ஓடும் அன்றைக்கே கட்ட வேண்டும். ரேஸைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவர்டுகள் அரசின் அனுமதியோடு ஒதுக்கிய அடைப்புக்குள் கட்ட வேண்டும். உரிமம் பெற்ற புக்மேக்கரிடமோ, டோட் எனப்படும் டோட்டலைசேட்டரிலோ கட்ட வேண்டும். 1847-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் டோட் கவுண்டரில், ரேஸ் நாளில், கையில் டிக்கெட் வாங்கியிருந்தால் மூன்றும் நிறைவேறிவிடுகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் எடுத்திருக்கிறீர்கள்.

டோட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. புக்மேக்கர் ஒரு விலை சொல்வார், அந்த விலைக்கு அவரே பொறுப்பு. டோட்டில் அப்படி இல்லை. எல்லோரும் கட்டும் பணம் ஒரே குவியலில் சேர்கிறது. வரியும் கிளப்பின் கமிஷனும் கழித்து மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். வின், பிளேஸ், முதலிரண்டு குதிரைகளை எந்த வரிசையிலும் சொல்லும் குயினெல்லா, முதல் மூன்றை வரிசை மாறாமல் சொல்ல வேண்டிய டனாலா, ஐந்து ரேஸ் ஜாக்பாட் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குவியல். எந்தக் குதிரை வந்தாலும் கிளப்புக்கு லாப நஷ்டம் இல்லை. அதனால் டோட்டில் கட்டுவது 30-வது பிரிவு சொல்லும் 'பந்தயம்' என்ற இலக்கணத்துக்குள் வருமா என்பதே என் பார்வையில் சந்தேகம்தான். எதிர்தரப்பு வக்கீல் 30-வது பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தால் உங்கள் வக்கீல் இதையும் சொல்லட்டும்.

சரி, சட்டம் உங்கள் பக்கம். சாட்சியம்? வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

நண்பர் சொல்லும் "தனி டிக்கெட்" கதையை உடைக்க நால்வர் குழுவின் வாட்ஸ்அப் செய்தியே போதுமானதாக இருக்கலாம். ஜாக்பாட்டில் ஒவ்வொரு ரேஸுக்கும் எத்தனை குதிரை சொல்கிறீர்களோ அத்தனை பெருக்கம். முதல் ரேஸுக்கு 4, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 5, நாலாவதற்கு 2, ஐந்தாவதற்கு 4 என்று முடிவு செய்திருந்தால் மொத்தம் 480 சேர்க்கை. ஒரு சேர்க்கை 10 ரூபாய் என்றால் 4,800 ரூபாய், அதாவது உங்கள் நால்வரின் பணம் சரியாக முடிந்துவிடுகிறது. (நான் போட்டது உதாரணக் கணக்கு. உங்கள் செய்தியில் உள்ள எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.) நாலாவது ரேஸின் இரண்டு குதிரைகளில் ஒன்று ஏழாம் நம்பர் என்று முந்தின இரவுச் செய்தியில் இருந்தால், அவர் சேர்த்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும் அவர் தனியாக இன்னொரு டிக்கெட் எடுத்தார் என்றால் உங்கள் டிக்கெட்டும் சேர்ந்தே ஜெயித்திருக்க வேண்டும். அதற்கான பணம் எங்கே?

செய்தியில் ஏழாம் நம்பர் இல்லை, அவர் கடைசி நிமிடத்தில் மாற்றினார் என்றால்? அப்போதும் அவர் செலவழித்தது உங்கள் பணமாக இருந்தால் நீங்கள் தோற்கவில்லை. பிறருக்காக ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட முகவர், அந்த வேலையில் கிடைத்த பணத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 218-வது பிரிவு. கூட்டாளியோ முகவரோ தன் நிலையைப் பயன்படுத்தி அடைந்த ஆதாயத்தைப் பிறருக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் 88-வது பிரிவு. உங்கள் 4,800 ரூபாய்க்கு டிக்கெட்டே எடுக்காமல், தன் காசில் தனக்கு மட்டும் எடுத்தேன் என்று அவர் நிரூபித்தால்தான் உங்களுக்குச் சிக்கல். அப்போது நீங்கள் கொடுத்த பணத்தையும் நஷ்டஈட்டையும்தான் கேட்க முடியும்.

டிக்கெட்டை அவர் குழுவில் படம் எடுத்துப் போட்டிருந்தால் உடனே அதைச் சேமியுங்கள். ஜாக்பாட்டின் முதல் ரேஸுக்கு முன்பே போடப்பட்ட படம் என்றால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. யுபிஐ பரிவர்த்தனை விவரம், குழுச் செய்திகள், ஜெயித்த பிறகு அவர் போட்ட வாழ்த்துச் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் வைக்க 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வக்கீல் தயார் செய்வார். கிளப்பிடம் நேரே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. டிக்கெட்டை நீட்டியவருக்குப் பணம் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆனால் வரி பிடித்தபோது யாருடைய பான் எண்ணில் பிடித்தார்கள் என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். அதை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

வரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பங்கு பேசும்போது இதில்தான் சண்டை மூளும். குதிரைப் பந்தய வருமானத்துக்கு 30 சதவீத வரி. ஒரே பரிவர்த்தனையில் 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே பிடித்துவிடுவார்கள். 2,16,000-க்கு 64,800 பிடித்திருந்தால் கைக்கு வந்தது 1,51,200. ஆண்டு முடிவில் இந்த வரியின் மீது 4 சதவீத செஸ்ஸாக இன்னும் 2,592 ரூபாய் அவர் கணக்கில் வரும்; அதை அவர் கழிக்கக் கேட்டால் நியாயம்தான். மிச்சம் 1,48,608. ஆளுக்கு 37,152. வேறு நாட்களில் தோற்ற பணத்தை இதில் கழிக்க வரிச் சட்டம் விடாது. "அந்த மாதம் எனக்கு இவ்வளவு போச்சு" என்று அவர் தன் பங்கைக் கூட்டிக்கொள்ளவும் கூட்டுக் கணக்கில் இடமில்லை.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு போடலாம். இவ்வளவு தொகைக்கு, இவ்வளவு கால நட்புக்கு, அதுவே பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். அதற்கும் வராவிட்டால் சிவில் வழக்கு. அவர் பணம் வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பதிவு செய்யாத கூட்டு என்று எதிர்தரப்பு முட்டுக்கட்டை போடலாம். முடிந்துபோன கூட்டின் கணக்கைக் கேட்கப் பதிவு தேவையில்லை என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவே சொல்கிறது. போலீஸில் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று உங்களில் யாராவது யோசித்திருப்பீர்கள். நான் தடுப்பேன். கூட்டாளிகளுக்குள் வரும் பணத் தகராறு சாதாரணமாக அந்தக் குற்றத்துக்குள் வராது என்று 1965-லேயே வெல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சிவில் கேஸ், போங்க" என்று நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அது உங்கள் நண்பருக்கு இன்னும் தெம்பைக் கொடுக்கும்.

இனி டெலிகிராம். இதற்குப் பதில் சுருக்கம்: வேண்டாம்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆகவே எங்கிருந்து கட்டினாலும் தப்பில்லை என்று அந்தக் குழுக்கள் எழுதுவதை நானும் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு உண்மைதான். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க 1974-ல் போட்ட சட்டத்தை எதிர்த்து, கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12-ல் வந்தது. கிண்டியில் பந்தயம் தொடர்ந்தது அதனால்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு ரேஸ்கோர்ஸுக்குள் கட்டும் பந்தயத்தைப் பற்றியது. வெளியே புக்கி நடத்தும் கடைக்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. மேற்கு வங்கச் சட்டத்தின் மூன்று நிபந்தனையை மறுபடி பாருங்கள். யுபிஐயில் யாரோ ஒருவருக்கு அனுப்பும் பணத்தில் அடைப்பும் இல்லை, உரிமமும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் குதிரைப் பந்தயத்தைத் தொடுமா என்ற வாதத்துக்கே போக வேண்டாம். 1957-ம் ஆண்டுச் சட்டமே போதும்.

இதில் முக்கியமான விளைவு ஒன்று உண்டு. இன்று நண்பரிடம் பங்கு கேட்க உங்களுக்கு உரிமை இருப்பது, டிக்கெட் சட்டப்படி எடுத்தது என்பதால்தான். டெலிகிராம் புக்கி மூலம் நால்வரும் கட்டி, ஜெயித்து, ஒருவர் சுருட்டிக்கொண்டால் கெருலால் தீர்ப்பு உங்களுக்கு உதவாது. புக்கியே சுருட்டினாலும் அப்படியே.

ஜிஎஸ்டி இல்லை என்பதுதான் அவர்களுடைய தூண்டில். குதிரைப் பந்தயத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து கட்டும் முழுத் தொகை மீது 28 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இந்த விகிதம் நியாயமா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். கவுண்டருக்குப் போகிறவனைத் தெருப் புக்கியிடம் தள்ளுகிற வரி இது. அதற்காக வரி கட்டாத பந்தயம் சட்டபூர்வமாகிவிடாது.

டிப்ஸ் வாங்குவதோ விற்பதோ தன்னளவில் குற்றம் அல்ல. ரேஸ் புக்கும் பத்திரிகைப் பத்தியும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் 'ஸ்டேபிள் நியூஸ்', அதாவது லாயத்து உள்தகவல், என்று காசுக்கு விற்பவரிடம் டோட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உண்மையான தகவல் ஆயிரம் பேருக்குப் போனால் ஆயிரம் பேரும் அதே குதிரையில் கட்டுவார்கள், டிவிடெண்ட் சுருங்கிவிடும். தெரிந்தவர் ஏன் சொல்ல வேண்டும்? இந்தத் தொழிலில் நடக்கும் பழைய வித்தை ஒன்று இருக்கிறது: எட்டுக் குதிரை ஓடும் ரேஸில் எட்டுக் குழுவுக்கு எட்டுக் குதிரையைச் சொல்வது. ஜெயித்த குழுவுக்கு மட்டும் அடுத்த வாரம் "பார்த்தீர்களா?" என்று செய்தி வரும், கட்டணமும் ஏறும். நிச்சயம் என்று பொய் சொல்லிப் பணம் பறித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வரும் மோசடி. ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். பணம் கைமாறி வேறு கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்த மீட்டிங்குக்கு மறுபடி கூட்டாகப் போவதாக இருந்தால், டிக்கெட் எடுப்பவர் கவுண்டரை விட்டு நகரும் முன்பே படம் எடுத்துக் குழுவில் போடட்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அதன் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். ஜெயித்தால் பணம் வாங்கும்போதே நால்வரின் பெயரையும் பான் எண்ணையும் எழுத்து மூலம் கிளப்பிடம் கொடுத்து, வரியை அவரவர் கணக்கில் வரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள். இப்போதைய பணத்துக்கான நோட்டீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.