பானையும் பையும்: கேஜன் கடலுணவு விருந்து பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கேஜன் சீஃபுட் பாயில் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து விருந்து. இறால், நண்டு, கிராஃபிஷ் ஆகியவற்றை மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, சாசேஜுடன் மிளகாய் மசாலா கலந்த நீரில் ஓட்டோடு வேகவைத்து, காகிதம் விரித்த மேசையில் கொட்டிப் பலர் கூடிக் கையால் உரித்துத் தின்பார்கள். கிராஃபிஷ், சிங்கி இறாலின் குட்டி போலத் தோற்றமளிக்கும் நன்னீர் உயிரி. லூசியானாவில் இது கொல்லைப்புறத்துப் பெரும்பானையில் நடப்பது. அதே பெயரில் அமெரிக்க நகரங்களில் பெருகியுள்ள உணவகங்களிலோ பிளாஸ்டிக் பையில், பூண்டும் வெண்ணெயும் மிதக்கும் சாறோடு வருவது. இந்த உணவகங்களைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பல, பானைக்கும் பைக்கும் உள்ள வேறுபாட்டைக் காணாததால் வந்தவை.

நம்பிக்கை: பூண்டு வெண்ணெய்ச் சாறே கேஜன் மக்களின் பாரம்பரியச் சமையல்.

உண்மை: கேஜன் மக்கள், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த அகாடியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களின் வழிவந்தோர். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழி தர மறுத்ததால் 1755 முதல் அவர்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டனர். 1760-களில் ஒரு பகுதியினர் லூசியானாவை அடைந்தனர். பிரான்சில் தங்கியிருந்த அகாடியர்களில் ஏறக்குறைய 1,600 பேர் 1785-இல் ஏழு கப்பல்களில் வந்து சேர்ந்தனர். சதுப்பு நிலத்தில் எளிதாகக் கிடைத்த கிராஃபிஷ் நெடுங்காலம் ஏழைகளின் உணவாகவே இருந்தது. இறைச்சி தவிர்க்கும் தவக்காலமும் கிராஃபிஷ் பருவமும் ஒன்றாக வருவதால், பெரிய வெள்ளியன்று குடும்பங்கள் கூடிக் கிராஃபிஷ் வேகவைப்பது இன்றும் வழக்கம். அந்தப் பானையில் காரமும் உப்பும் நீரிலேயே சேர்கின்றன. வெந்த பிறகு மேலே சாறு ஊற்றுவதில்லை.

வெண்ணெயும் பூண்டும் வியட்நாமியர் சேர்த்தவை. 1975-இல் வியட்நாம் போரின் முடிவில் சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்தவர்களில் பலர் டெக்சாஸ், லூசியானா கடற்கரைகளில் இறால் பிடிக்கும் தொழிலில் இறங்கினர். பின்னாளில் ஹூஸ்டன் நகரத்து வியட்நாமிய உணவகங்கள், வெந்த கிராஃபிஷை உருக்கிய வெண்ணெயிலும் நறுக்கிய பூண்டிலும் புரட்டித் தரத் தொடங்கின. சில இடங்களில் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்தது. 2004-இல் கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவ் நகரில் ஒரு வியட்நாமிய அமெரிக்கத் தம்பதியர் தொடங்கிய ‘பாய்லிங் கிராப்’ கிளை கிளையாக வளர்ந்து, பையில் தரும் முறையை லூசியானாவுக்கு வெளியே பரப்பியது. எனவே உணவகப் பையில் வருவது நாடு கடத்தப்பட்ட ஒரு கூட்டத்தின் பானையும், நாடு விட்டு வந்த இன்னொரு கூட்டத்தின் சாறும் கூடி உருவான உணவு.

நம்பிக்கை: அமெரிக்காவில் கூட்டமாக உண்ணும் கடலுணவு விருந்தெல்லாம் கேஜன் வகை.

உண்மை: கிழக்குக் கடற்கரையில் வட்டாரத்துக்கு ஒரு முறை உண்டு. மேரிலாந்தில் நீல நண்டை நீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து, மேலே ‘ஓல்ட் பே’ மசாலாவைத் தூவுவார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோரில் குடியேறிய கஸ்டாவ் புருன் என்ற யூத வணிகர் உருவாக்கிய கலவை அது. தென் கரோலினாவின் தாழ்நிலக் கரையில் இறால், சாசேஜ், சோளம் சேர்த்துச் செய்வதற்கு, செயின்ட் ஹெலினா தீவிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ‘ஃப்ரோக்மோர் ஸ்டூ’ என்று பெயர். நியூ இங்கிலாந்தில் சூடேற்றிய கற்களின்மேல் கடற்பாசி பரப்பி மட்டிகளை வேகவைக்கிறார்கள். உணவகப் பட்டியலில் இவற்றின் மசாலாப் பெயர்கள் அருகருகே இருப்பதால்தான் எல்லாம் ஒன்றெனத் தோன்றுகிறது.

நம்பிக்கை: மேசைக்கு வருவதெல்லாம் லூசியானாக் கடலில் பிடித்தவை.

உண்மை: கிராஃபிஷ் கடலில் வாழ்வதே இல்லை. லூசியானாவின் அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தில் பிடிப்பது போக, பெரும்பங்கு வயல்களில் வளர்க்கப்படுகிறது. நெல் அறுவடை முடிந்ததும் இலையுதிர் காலத்தில் வயலில் மீண்டும் தண்ணீர் தேக்குவார்கள். மண்ணுக்குள் வளை தோண்டி இருந்த தாய்க் கிராஃபிஷ்கள் குஞ்சுகளோடு வெளியே வரும். குளிர்காலம் முதல் வேனில் தொடக்கம்வரை இரை வைத்த கம்பிக் கூண்டுகளில் அவற்றைப் பிடிப்பார்கள். மார்ச் முதல் மே வரை வரத்து உச்சத்தில் இருக்கும். அந்தப் பருவத்துக்கு வெளியே உணவகத்தில் கிடைப்பது பெரும்பாலும் உறையவைத்த சரக்கு. உரித்து உறையவைத்த கிராஃபிஷ் வால் இறைச்சி சீனாவிலிருந்தும் வருகிறது. அது அடக்க விலைக்கும் கீழே விற்கப்படுவதாகக் கண்டு 1997-இல் அமெரிக்கா அதன்மீது தனி வரி விதித்தது.

பட்டியலிலுள்ள பனி நண்டும் அரச நண்டும் குளிர்க்கடல் இனங்கள். மெக்சிகோ வளைகுடாவில் கிடைப்பதில்லை. அவை பிடித்த இடத்துக்கு அருகிலேயே வேகவைத்து உறையவைக்கப்படுகின்றன. உணவகத்தில் நடப்பது சூடாக்குதல் மட்டுமே. நீல நண்டும் இறாலும்தான் லூசியானாக் கடற்கரைக்கு உரியவை. அவற்றிலும் இறால் பல கடைகளில் இறக்குமதியாகவே இருக்கும்.

நம்பிக்கை: கடலுணவு பைக்குள்ளேயே வேகிறது, சிவப்பு நிறம் மசாலாவால் வருவது.

உண்மை: பை பரிமாறும் கலம்தான். சமையலறையில் பானையிலோ ஆவிக் கூடையிலோ வெந்ததைப் பையில் போட்டு, சாறு ஊற்றி, வாயைக் கட்டிக் குலுக்கித் தருகிறார்கள். அதனால் சுவை ஓட்டின் வெளிப்புறத்திலும் உரிக்கும் விரல்களிலும் தங்குகிறது. கொல்லைப்புற முறையில் கொதிப்பது சில நிமிடங்கள்தான். அடுப்பை அணைத்த பிறகு நீரிலேயே ஊறவிடும்போதுதான் காரமும் உப்பும் ஓட்டுக்குள் இறங்குகின்றன. எந்த முறையானாலும் சிவப்பு நிறம் உயிரியின் உடலிலேயே உள்ளது. அஸ்டாசாந்தின் என்ற அந்த நிறமியை ஒரு புரதம் பிணைத்து வைத்திருப்பதால் உயிரோடிருக்கும்போது ஓடு கருமையாகவோ நீலமாகவோ தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்படுகிறது.

நம்பிக்கை: வால் சுருளாமல் நேராக இருந்தால் அது செத்த கிராஃபிஷ், ஒதுக்கிவிட வேண்டும்.

உண்மை: பானையில் நெருக்கமாக அடைபட்ட கிராஃபிஷுக்கு வாலைச் சுருட்ட இடம் இருக்காது, உயிரோடு போட்டதுகூட நேர்வாலோடு வெளிவரலாம் என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் விளக்கியுள்ளது. நம்பத்தக்க அடையாளம் இறைச்சிதான். குழைந்து மாவாகப் பிசுபிசுத்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ தின்னக் கூடாது. சமைக்கும் முன் உப்பு நீரில் போட்டால் குடலிலுள்ள மண்ணைக் கக்கிவிடும் என்பதும் இதே வகை நம்பிக்கை. வெளிச் சேறு போக நல்ல தண்ணீரில் அலசினாலே போதும். குடல் காலியாக வேண்டுமானால் ஒன்றிரண்டு நாள் இரையின்றிச் சுத்தமான நீரில் வைத்திருக்க வேண்டும். தலைக்குள் இருக்கும் மஞ்சள் பொருளைக் கொழுப்பு என்று சொல்லி உறிஞ்சுவார்கள். உண்மையில் அது கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் உறுப்பு.

நம்பிக்கை: இறால் ஒத்துக்கொள்ளாதவர் கிராஃபிஷ் சாப்பிடலாம், சைவ உணவினருக்குச் சோளமும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன.

உண்மை: கூட்டத்தோடு செல்லும்போது மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். இறால், நண்டு, சிங்கி இறால், கிராஃபிஷ் எல்லாம் ஓட்டுக்கணுக்காலிகள். இவற்றால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். பலர் நினைப்பதுபோல் அயோடின் அல்ல. இந்தப் புரதம் எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருப்பதால் ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றவையும் ஒவ்வாமல் போகும் வாய்ப்பு அதிகம். சமையல் சூட்டிலும் அது சிதைவதில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொதிக்கும் ஆவியே தொல்லை தரலாம். மட்டியும் ஆளியும் வேறு இனம் என்றாலும் ஒரே பானையில் வெந்திருந்தால் அந்த வேறுபாட்டுக்குப் பொருளில்லை.

சோளமும் உருளைக்கிழங்கும் அதே நீரில் வேகின்றன, அதே சாற்றில் புரள்கின்றன. எனவே அவை சைவ உணவும் அல்ல, ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதுகாப்பும் அல்ல. லூசியானா முறைச் சாசேஜ் பொதுவாகப் பன்றி இறைச்சி. மாடு, கோழி, வான்கோழியில் செய்ததும் சில கடைகளில் உண்டு. சாற்றில் வெண்ணெய் இருப்பதால் பால் ஒவ்வாதவர்களும் கேட்டறிய வேண்டும். ‘தனிப் பை’ என்பது தனிப் பானை ஆகாது. தனியாகச் சமைக்க முடியுமா என்பதே பணியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நம்பிக்கை: ஆளுக்கு ஒரு பவுண்டு போதும்.

உண்மை: எடை ஓட்டோடு சேர்ந்தது. ஒரு பவுண்டு என்பது 454 கிராம். கிராஃபிஷில் வால் இறைச்சி சுமார் 15 சதவீதம்தான் என்பதால் ஒரு பவுண்டில் 70 கிராம் அளவே தேறும். லூசியானாவில் வீட்டு விருந்துக்கு ஆளுக்கு மூன்று முதல் ஐந்து பவுண்டு வரை கணக்கிடுவது இதனால்தான். இறாலிலும் நண்டுக் காலிலும் இறைச்சியின் பங்கு கூடுதல். ஆகவே பவுண்டு விலையை மட்டும் ஒப்பிட்டால் மலிவானது உண்மையில் மலிவாக இராது. பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக ‘சந்தை விலை’ என்றிருப்பது வரத்தைப் பொறுத்தது. 2023 கோடையின் வறட்சியாலும் அடுத்து வந்த கடுங்குளிராலும் கிராஃபிஷ் வரத்து குறைந்து விலை ஏறியபோது, 2024 மார்ச்சில் லூசியானா ஆளுநர் அத்தொழிலுக்குப் பேரிடர் அறிவிப்பே வெளியிட்டார். விலையை முன்கூட்டியே கேட்பது நாகரிகக் குறைவு ஆகாது.

நம்பிக்கை: கேஜன் என்றாலே கடுங்காரம், தண்ணீர் குடித்தால் எரிச்சல் தணியும்.

உண்மை: கேஜன் சமையலின் அடித்தளம் வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்று. கடுங்காரப் பெயர், 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல் கலைஞர் பால் ப்ருடோம் பரப்பிய மசாலா பூசிக் கருக்கிய மீனுக்குப் பிறகு ஓங்கியது. உணவகப் பையில் காரத்தின் அளவைச் சாறுதான் முடிவு செய்கிறது. எனவே ஒரே மேசையில் இரண்டு மூன்று காரங்களில் தனித்தனிப் பைகள் கேட்பதில் தடை எதுவும் இல்லை. மிளகாயின் கேப்சைசின் கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. பாலிலுள்ள கேசீன் புரதம் அதை நாக்கிலிருந்து விடுவிக்கும். மீனோடு பால் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்று தமிழர்களிடையே நிலவும் அச்சத்துக்கு மருத்துவச் சான்று இல்லை; நிறமி தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழிப்பதால் வருவது வெண்புள்ளி. விரல்களில் ஒட்டிய காரத்தை எலுமிச்சைத் துண்டு போக்காது. எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் கையுறையோடு உரிப்பது நல்லது.

நம்பிக்கை: கூட்டமாகப் போனாலும் டிப்ஸ் தருவது விருப்பம்தான்.

உண்மை: பல அமெரிக்க உணவகங்கள் ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுக்களின் பில்லில் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாமே சேர்க்கின்றன. இது பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும். 2014 முதல் அமெரிக்க வருமான வரித்துறை இத்தகைய கட்டாயத் தொகையை டிப்ஸாகக் கொள்ளாமல் சேவைக் கட்டணமாகவே கணக்கில் எடுக்கிறது. அது சேர்ந்திருப்பதைப் பார்க்காமல் அட்டை ரசீதின் காலிக் கோட்டில் மறுபடி எழுதினால் ஒரே சேவைக்கு இருமுறை பணம் தந்ததாகும். சாப்பிட்ட அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதால் சமமாகப் பிரிப்பது மனக்கசப்பில் முடியலாம். ஆர்டர் கொடுக்கும்போதே பைகளைத் தனித்தனி பில்லில் பதியச் சொல்வதே எளிய வழி.