கந்தரோடை மண் கூறும் வரலாறு

உடுவிற் பகுதியின் செம்மண் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் கடந்து கந்தரோடைக்குச் செல்வோர், ஆங்கு ஒரு சிறு நிலப்பரப்பினுள் இருபது வரையிலான கற்றூபிகள் நெருங்கி நிற்றலைக் காண்பர். அநுராதபுரத்துப் பெருந்தூபிகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவை மிகச் சிறியனவாகத் தோன்றும். 'இவற்றைக் கட்டினோர் யாவர்? இவை நம்மவருடையனவா, பிறருடையனவா?' என்னும் வினா காண்போர் உள்ளத்தில் உடனே எழும். விடை கூற விரைவோர் பலர். மண்ணை வினவுவோர் சிலரே. அகழ்வாராய்ச்சி என்பது மண்ணை முறையாக வினவும் கலையாகும்.

இவ்விடத்தின் தொன்மையை அறிஞருலகிற்கு முதலில் விரித்துரைத்தவர் போல் பீரிஸ் ஆவர். யாழ்ப்பாணத்துப் பௌத்தச் சின்னங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தன. தூபிகளின் சிதைந்த உறுப்புக்கள், முத்திரை குத்திய பழைய நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், றோம நாணயங்கள், மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள் முதலியன ஈண்டுக் கிடைத்தன. கடல் கடந்த வாணிகத்தோடு தொடர்புடைய செழிப்பான ஊரொன்று இங்கிருந்தது என்பதை இவை காட்டின.

பின்னர், 1960களில், தொல்பொருளியற் பகுதியினர் இவ்விடத்தைத் துப்புரவாக்கித் தூபிகளைப் புதுக்கினர். ஈண்டு நாம் ஒன்றைக் கருத்தில் இருத்தல் வேண்டும். பழைமை மாறாது நிலத்திற் கிடைத்தவை வட்டமான அடித்தளங்களே. இன்று நாம் காணும் குவிந்த வடிவங்கள் அவற்றின்மேல் மீளக் கட்டப்பட்டவை. எனவே பழையது எது, புதுக்கியது எது என்று பிரித்தறிதலே இவ்விடத்தில் மாணாக்கன் கற்கவேண்டிய முதற் பாடம். இவை துறவியரின் எலும்புகளைப் புதைத்தெழுப்பிய நினைவுச் சின்னங்கள் என்பார் ஒரு சாரார். அடியார் நேர்ந்து கட்டியவை என்பார் மற்றொரு சாரார்.

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் கந்தரோடையிற் சோதனைக் குழிகளை அகழ்ந்தனர். அவர்கள் நாடியது அழகிய சிலையையன்று, மண்ணின் அடுக்குகளையே. மண் கலைக்கப்படாதிருப்பின், கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது என்பது அகழ்வாராய்ச்சியின் அடிப்படை விதி. அவ்வாறு நோக்கியபோது, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கீழேயும், உட்புறத்தில் வட்டவட்டமாகச் சிறு புள்ளி வரிசைகள் பொறித்த வழுவழுப்பான தட்டுக்களின் ஓடுகள் அதற்கு மேலேயும் காணப்பட்டன. முன்னைய வகை தென்னிந்திய ஈமக்காடுகளில் நிரம்பக் கிடைப்பது. பின்னைய வகை புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் கிடைத்தது. ஆகவே புத்த சமயம் இவ்வூரை அடையுமுன்னரே இங்கு மக்கள் நிலைத்து வாழ்ந்தனர் என்பது தெளிவு. விகாரை ஊரை உண்டாக்கவில்லை. இருந்த ஊரிலேயே விகாரை எழுந்தது. இஃது இரண்டாம் பாடம்.

மொழியைப் பற்றியும் மண் சில கூறுகின்றது. கந்தரோடையிற் கிடைத்த மட்கல ஓடொன்றில் பிராமி எழுத்தில் அமைந்த பிராகிருதச் சொற்கள் உள்ளன. பிராகிருதம் அக்காலத்திற் பௌத்தரின் பொது மொழியாய்ப் பல நாடுகளில் வழங்கியது. ஆதலால் அதனைக்கொண்டு ஊரவரின் வீட்டு மொழியை முடிவுசெய்தல் தகாது. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அயலிலுள்ள ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்கால ஈமக்குழியொன்றில் முத்திரையொன்று வெளிப்பட்டது. அதிலுள்ள பிராமி எழுத்துக்களைக் 'கோவேத' எனப் படித்த அறிஞர், 'கோ' என்பதில் தமிழ் வழக்கைக் கண்டனர். வல்லிபுரத்தில் 1936ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடோ, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில் விகாரையொன்று எழுந்ததைக் கூறுகின்றது. இச்சான்றுகளுள் தமக்கு இயைந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டி ஏனையவற்றை மறைப்பவர் வரலாற்றாசிரியர் ஆகார், அவர் வழக்காடுவோரே.

சமயமும் மொழியும் ஒன்றல்ல. தமிழிற் பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த நூல். அதன் தலைவி மணிபல்லவம் சென்று புத்த பீடிகையைத் தொழுகின்றாள். காவிரிப்பூம்பட்டினத்திலும் புத்த விகாரையின் அடித்தளம் அகழ்ந்து காணப்பட்டது. நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தவன், தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய சைவப் பேரரசன் முதலாம் இராசராசனே. அவ்வீகையால் அவனது சைவம் குறைவுற்றதில்லை.

ஆகவே இந்துக் கல்லூரியொன்றில் நீறணிந்து கற்ற நாம், கந்தரோடைத் தூபிகளைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அவற்றை நமதல்ல என்று ஒதுக்கவும் வேண்டா. தூபி இருப்பதனாலேயே இந்நிலம் ஓர் இனத்தார்க்கே உரியது என்று முடித்தல் எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை நம் முன்னோருட் பௌத்தர் இருந்திலர் என்று சாதித்தலும். முன்னைய பிழைக்கு விடை கூறத்தக்கவர், பின்னைய பிழையைத் தாம் செய்யாதவரே.

நம் மாணாக்கர் அங்குச் செல்லவேண்டும். அடித்தளங்களை அளந்து, படம் வரைந்து, குறிப்பெழுதிப் பழகவேண்டும். ஆயின் ஓட்டுத் துண்டொன்றையேனும் எடுத்துவருதல் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அதனைத் தடுக்கின்றது. சட்டத்தினும் மேலாக அறிவு தடுக்கின்றது. இடம்பெயர்ந்த ஓடு ஊமையாகிவிடும். தன் அடுக்கிற் கிடக்கும் ஓடே பேசும். தோட்டம் கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ பழம்பொருள் தோன்றுமாயின், அதனைக் கிடந்தபடியே விட்டு உரியவர்க்கு அறிவித்தல் நம் கடன். மண்ணின் ஏட்டில் ஒவ்வோர் அடுக்கும் ஓர் இதழ். கிழிந்த இதழை மீண்டும் எழுதுவார் எவருமிலர்.