ஒரே சர்வரில் பல குடித்தனம்

ஒரு வீட்டில் நான்கு குடித்தனங்கள் இருக்கலாம். ஆயினும் நால்வரும் ஒரே சாவியை வைத்துக்கொள்வதில்லை. ஒரு சர்வரில் பல வலைச் செயலிகளை நடத்துவோர் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். சங்க மலரின் தளமும் விடுதி உணவுக் கணக்கும் ஒரே லினக்ஸ் சர்வரில் இருப்பதாகக் கொள்வோம். மலர்த் தளத்தில் ஓட்டை கண்டு ஒருவன் நுழைந்தால், நம் தொலைபேசி எண்களும் பாக்கிக் கணக்கும் அவன் கையில் சேரலாமா? சேராமல் தடுப்பதே கோப்பு உரிமையின் பணி.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் மூவகையினருக்கும் தனித்தனி உரிமை. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் இலக்கம் வரும். 640 எனில், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்கலாம், பிறருக்கு ஒன்றுமில்லை. கோப்புறையில் 1 என்பது உள்ளே நுழையும் உரிமையாகும்.

இனி, செய்முறையைக் காண்போம்.

1. செயலி ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனரும் தனிக் குழுவும் அமைக்க. எல்லாம் ஒரே பயனர் பெயரில் ஓடினால், குழுக்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. பி.எச்.பி. செயலிகளை எஃப்.பி.எம். முறையில் இவ்வாறு பிரித்து ஓட்டலாம்.

2. நிரல் கோப்புகளுக்குப் பராமரிப்பவரே உரிமையாளர். குழு, செயலியின் குழு. கோப்புகளுக்கு 640, கோப்புறைகளுக்கு 2750. முன்னே நிற்கும் 2, செட்ஜிஐடி எனப்படும். அதனால், உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்புகள் கோப்புறையின் குழுவையே பெறும்.

3. படங்கள் வந்து சேரும் கோப்புறைக்கு மட்டும் செயலியின் பயனரை உரிமையாளராக்குக. யூமாஸ்க் 027 எனில், புதிய கோப்புகள் 640 ஆகவே அமையும்.

4. படங்களை எடுத்து வழங்க வேண்டியிருப்பதால், வலைச் சர்வரின் பயனரை ஒவ்வொரு குழுவிலும் சேர்க்க. சேர்த்தபின் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதற்குப் புதுக் குழு தெரியாது.

5. கடவுச்சொல் உள்ள கோப்பை வலைச் சர்வரும் படிக்கலாகாது. அதற்குச் செயலியின் பயனரே உரிமையாளர், உரிமை 400.

ஓர் எச்சரிக்கை: வேறிடத்திலிருந்து நகர்த்திய கோப்பு பழைய குழுவோடே வந்து சேரும்; செட்ஜிஐடி அதை மாற்றாது. நகர்த்தியபின் குழுவைச் சரிபார்க்க வேண்டும்.

“அனுமதி இல்லை” என்ற செய்தி கண்டதும் 777 கொடுப்பவர் பலர். அது, பூட்டுத் திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்தெறிவது போன்றது. எந்தப் பயனர், எந்தக் குழு, எந்தக் கோப்புறையில் தடை என்று படிப்படியாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இறுதியில் சோதித்துப் பாருங்கள். மலர்த் தளத்தின் பயனராக நின்று, உணவுக் கணக்கின் கடவுச்சொல் கோப்பைப் படிக்க முயலுங்கள். மறுப்பு வந்தால் வேலை முடிந்தது. கோப்பு திறந்தால் முதற்படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.